மூன்று நாடுகள் பங்கு கேட்கும் மனிதரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பொறையாற்றில் எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடிக் கடற்கரைக்குச் சைக்கிளில் கால் மணி நேரம். சீகன்பால்கு ஐயரை எங்கள் தாத்தா கடைசிவரை ‘டேனிஷ்கார ஐயர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டை டேனிஷ்காரர் கோட்டை. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக். அப்படியானால் ஐயரும் டேனிஷ்காரர்தானே என்பது அவர் கணக்கு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து ஹாலேயில் படித்த ஜெர்மானியர் என்பது, கல்யாணமாகி ஜெர்மனியின் கீல் நகரத்துக்கு வந்து நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. ஒரு நாட்டின் சம்பளம், இன்னொரு நாட்டின் மொழி. இந்த மாதிரி ஆட்கள்மேல் அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

பகலில் கப்பல் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுகிறேன். மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும், ஐந்து வருஷமாக, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஹென்ரிக் ஸ்டெஃபென்ஸ் என்ற தத்துவப் பண்டிதரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இதற்காக வாங்கவில்லை. “எப்படி ஆரம்பிப்பது?” என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஜெர்மனிக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் இடையே வாழ்ந்த அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. கார்ஸ்டன் நீபூர் ஜெர்மன் விவசாயி மகன். டென்மார்க் அரசர் 1761இல் அரேபியாவுக்கு அனுப்பிய குழுவில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். அவர் மகன் கோபன்ஹேகனில் பிறந்து, பெர்லினுக்குப் போய், ரோமானிய வரலாற்றின் பெரிய பெயராகிவிட்டார். மொழி ஆராய்ச்சியில் ராஸ்முஸ் ராஸ்க் என்ற டேனிஷ்காரர் 1818இல் அச்சிட்டதைப் பார்த்துத்தான் யாக்கோப் கிரிம் 1822இல் தம் ஜெர்மன் இலக்கணத்தைத் திருத்தி எழுதினார். அந்த ராஸ்க் பிற்பாடு இலங்கைவரை வந்தவர்.

இவர்களில் யாரையும் எடுக்கலாம். ஆனால் எடுக்கும்முன் ஒன்று பாருங்கள்: அவர் இரண்டு மொழிகளிலும் அச்சேறியிருக்க வேண்டும். ஒரு மொழியில் மட்டும் எழுதியவர் மற்ற நாட்டில் வெறும் விருந்தாளி. விருந்தாளியின் வாழ்க்கையை எழுதுவது சுலபம், சுவை குறைவு. ஸ்டெஃபென்ஸ் கோபன்ஹேகனில் டேனிஷில் சொற்பொழிவாற்றி அதை 1803இல் புத்தகமாக்கியவர். பிறகு நாற்பது வருஷம் ஜெர்மனில் எழுதித் தள்ளியவர். நார்வேக்காரர்கள் ‘எங்கள் ஊரில் பிறந்தவர்’ என்கிறார்கள். டேனிஷ்காரர்கள் ‘எங்களுக்கு ஒளி கொண்டுவந்தவர்’ என்கிறார்கள். ஜெர்மானியர்கள் ‘எங்கள் பேராசிரியர்’ என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மூன்று பங்காளிகள் இருந்தால் பத்திரங்கள் பத்திரமாக இருக்கும் என்பது நம் ஊர் அனுபவம். இங்கேயும் அதுதான்.

ஐந்து கட்டம் போட்ட நோட்டு

எல்லோரும் பிறப்பு, படிப்பு, பதவி, இறப்பு என்று குறிப்பெடுக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எடுத்தேன். எட்டு மாதம் வீண். கணக்கெழுதுகிறவள் புத்தி ஒரு நாள் விழித்துக்கொண்டு, நீளமான பேரேடு ஒன்று வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம் போட்டேன். ஆண்டு. ஊர். அந்த ஊர் அன்று எந்த அரசருடையது. அன்று அவர் எந்த மொழியில் எழுதினார். படியளந்தவர் யார்.

மூன்றாவது கட்டமும் ஐந்தாவது கட்டமும்தான் உயிர். நிரப்பிப் பார்த்தால் தெரியும்.

1773 மே 2, ஸ்டவாங்கர். இன்று நார்வே, அன்றைக்கு அரசர் கோபன்ஹேகனில். தந்தை ஹோல்ஸ்டைனிலிருந்து வந்த அறுவை மருத்துவர், ஜெர்மன் பேசுகிறவர். தாய் பாங் என்ற டேனிஷ் குடும்பத்துப் பெண். குழந்தைக்கு ஆறு வயதாகும்போது குடும்பம் டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்குப் போய்விடுகிறது, ஹாம்லெட் நாடகத்துக் கோட்டை இருக்கிற அதே ஊர். ஆக, பிறந்த ஊர் நார்வே, அரசர் டேனிஷ், அப்பா ஜெர்மன். ‘நார்வேஜியத் தத்துவஞானி’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மிச்சப் புத்தகம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

1796, கீல். நான் தினமும் பஸ் ஏறுகிற ஊர். இங்கே வந்துதான் இளைஞர் ஸ்டெஃபென்ஸ் இயற்கை வரலாறு கற்பிக்கிறார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, கடல் உயிரினங்கள் சேகரிக்க நார்வேயின் பெர்கனுக்குப் போய், அங்கிருந்து ஹாம்பர்க் வரும் வழியில் கப்பல் உடைந்து, கையில் காசில்லாமல் கரையேறிய மனிதர். இந்த ஊரில் ‘ஜெர்மனிக்கு வந்துவிட்டார்’ என்று எழுதினேன். தப்பு. கீல் பல்கலைக்கழகம் ஜெர்மன் பேசியது, ஆனால் ஹோல்ஸ்டைன் அன்று டென்மார்க் அரசருக்குக் கீழே இருந்த பகுதி. அவர் எல்லையே தாண்டவில்லை. பேச்சுமொழி மட்டும் மாறியது.

1798, யேனா. இப்போதுதான் உண்மையில் வெளியே போகிறார். ஷெல்லிங், ஃபிக்டே, ஷ்லேகல் சகோதரர்கள், கதே என்று அந்தக் கால ஜெர்மன் அறிவுலகமே சுற்றி நிற்கிறது. அடுத்த வருஷம் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் வெர்னரிடம் பாறைகளைப் படிக்கிறார். ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது? டென்மார்க் தந்த பயண உதவித்தொகை. டேனிஷ் காசில் ஜெர்மன் தத்துவம் வாங்கினார் என்று என் பேரேட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

1804, ஹாலே. பிரஷ்ய அரசின் பேராசிரியர் சம்பளம். ஐந்தாவது கட்டம் இங்கே முதன்முறையாக நாடு மாறுகிறது. 1806இல் நெப்போலியன் வந்து பல்கலைக்கழகத்தையே மூடிவிட, சம்பளம் போயிற்று. மனைவி குழந்தையோடு ஹோல்ஸ்டைன், ஹாம்பர்க், லூபெக் என்று நண்பர்கள் வீட்டில் அலைச்சல். மறுபடி ஹாலே, பிறகு 1811இல் பிரெஸ்லாவ், அதாவது இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்.

அடுத்து 1813. இந்த ஒரு வரிசைக்காகவே நோட்டுப் போடலாம். பிப்ரவரியில் பிரெஸ்லாவ் மாணவர்கள் முன் எழுந்து நின்று, பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்கப் படையில் சேருங்கள் என்று பேசுகிறார். பேசியதோடு நிற்கவில்லை, நாற்பது வயதை எட்டப்போகிற அந்தப் பேராசிரியர் தாமே சீருடை மாட்டிக்கொண்டு பாரிஸ்வரை போகிறார். ஜெர்மன் புத்தகங்களில் இது வீரக்கதை. என் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன்மேல் குண்டு போட்ட பிறகு டென்மார்க் நெப்போலியனோடு சேர்ந்துகொண்டது. 1813 கடைசியிலும் அந்தப் பக்கமே நின்றது. ஆக, தாம் பிறந்து வளர்ந்த அரசின் கூட்டாளிக்கு எதிராகத்தான் இவர் வாள் பிடித்திருக்கிறார். 1814 ஜனவரி 14 அன்று, இவர் படையோடு இருக்கும்போது, இதே கீல் நகரத்தில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகி, டென்மார்க் தன் கையிலிருந்த நார்வேயை ஸ்வீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தது. பிறந்த ஊருக்கு அரசர் மாறிவிட்டார்; இவருக்கு அதில் கையுமில்லை காலுமில்லை.

இதில் ஒரு சொல்கூட நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. எல்லாம் ஏதாவது ஒரு கலைக்களஞ்சியத்தில் இருப்பவை. ஆனால் ஜெர்மன் கலைக்களஞ்சியத்தில் உடன்படிக்கை இருக்காது, டேனிஷ் கலைக்களஞ்சியத்தில் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். கட்டம் போட்டவருக்குத்தான் இரண்டும் ஒரே வரியில் வரும்.

மொழியைப் பற்றி, பயமுறுத்தாமல்

ஜெர்மன் முதலில். ஓரளவு வாசிக்கிற அளவுக்கு வந்ததும் டேனிஷ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜெர்மன் தெரிந்தவருக்கு எழுத்து டேனிஷ் மூன்று நான்கு மாதத்தில் பிடிபடும். காதால் கேட்கிற டேனிஷ் எத்தனை வருஷமானாலும் பிடிபடாது. அது நமக்கு வேண்டியதும் இல்லை, செத்துப்போனவரோடு யார் பேசப்போகிறோம். நார்வேஜியன் தனியாக வேண்டுமா என்று கேட்பார்கள். ஸ்டெஃபென்ஸ் காலத்தில் நார்வேயில் படித்தவர்கள் எழுதியது டேனிஷ்தான். 1948வரை டேனிஷிலும் ஜெர்மனைப் போலவே பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டார்கள் என்பதால், பழைய டேனிஷ் பக்கம் கண்ணுக்கு ஜெர்மன் பக்கம் போலவே இருக்கும். பாதித் தைரியம் அதிலேயே வந்துவிடும்.

ஜெர்மனில் ‘விஸ்ஸென்ஷாஃப்ட்’ என்றால் அறிவுத்துறை; டேனிஷில் ‘வீடன்ஸ்கேப்’. உறுப்புக்கு உறுப்பு அச்சு வார்த்தது போல. இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆபத்தும் அங்கேதான். ஜெர்மனில் ‘ஓல்’ போல ஒலிக்கும் சொல் எண்ணெய். அதே ஒலி டேனிஷில் பீர். ‘ரார்’ என்ற சொல் ஜெர்மனில் அரிதானது, டேனிஷில் அன்பானது, நார்வேஜியனில் விசித்திரமானது. யாரோ ஒருவரைப் பற்றி டேனிஷ்காரர் ‘ரார்’ என்று எழுதியிருந்ததை நார்வேஜிய அகராதி பார்த்து ‘ஒரு மாதிரியான ஆள்’ என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். பாவம், நல்ல மனிதர்.

எண்களுக்குத் தனி எச்சரிக்கை. டேனிஷில் ஐம்பது என்பதற்குச் சொல், பிரித்துப் பார்த்தால், ‘இரண்டரை இருபது’. தொண்ணூறு ‘நாலரை இருபது’. கணக்கெழுதுகிற எனக்கு இது பிடித்துப்போயிற்று, உங்களுக்கு எப்படியோ. ஆனால் அந்த ‘அரை’ நம் அரை இல்லை. நாம் நாலோடு அரையைச் சேர்த்து நாலரை என்கிறோம். அவர்கள் ஐந்தாவதில் பாதி என்கிறார்கள். ஜெர்மானியரும் மணி சொல்லும்போது இதையே செய்கிறார்கள். ஆவணக் காப்பகம் ஒன்றில் முதன்முறையாக நேரம் வாங்கியபோது, தொலைபேசியில் சொன்னது ‘பாதி பத்து’. பத்தரை என்று எடுத்துக்கொண்டு, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, பத்தேகாலுக்கே போய் நின்று, எவ்வளவு பொறுப்பான பெண் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அவர்கள் சொன்னது ஒன்பதரை. எனக்காக எடுத்து வைத்த பெட்டி திரும்ப உள்ளே போய்விட்டிருந்தது.

இன்னொன்று, சொல் அல்ல, கருத்து. ‘கைஸ்ட்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு டேனிஷில் ‘ஓண்’ என்பார்கள். ஆன்மா, ஆவி, உள்ளம், அறிவு எல்லாம் கலந்த சொல். கோபன்ஹேகன் சொற்பொழிவுகளில் ஸ்டெஃபென்ஸ் செய்த பெரிய வேலையே இப்படிப்பட்ட ஜெர்மன் தத்துவச் சொற்களுக்கு டேனிஷில் உட்கார இடம் கண்டுபிடித்ததுதான் என்று நினைக்கிறேன். தமிழில் நீங்கள் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான் குறிக்காமல் விட்டு, இருநூறு பக்கத்தைத் திரும்ப ஒருமுறை துழாவினேன்.

கண்ணைப் பழக்குவது

1800 வாக்கில் அச்சான ஜெர்மன், டேனிஷ் புத்தகங்கள் பெரும்பாலும் ‘ஃப்ரக்டூர்’ என்ற உடைந்த கோடுகள் கொண்ட அச்செழுத்தில் இருக்கும். இதற்கு ஒரு வாரம் போதும். எஸ் எழுத்தின் நீண்ட வடிவமும் எஃப் எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்புறம் வந்தால் எஃப். பெரிய பி, பெரிய வி இரண்டும் அக்காள் தங்கை. ஐயும் ஜேயும் ஒரே எழுத்து. அவ்வளவுதான். 1978க்கு முன்பு அச்சான தமிழ்ப் புத்தகத்தில் தும்பிக்கை வைத்த லை, ணை, னை பார்த்துப் படித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கையெழுத்துதான் வேறு. ‘குரெண்ட்’ என்ற பழைய கைவடிவத்தில் எழுதிய கடிதத்தை முதலில் பார்த்தால் யாரோ பேனாவைச் சோதித்துப் பார்த்தது போல இருக்கும், மேலும் கீழுமாக ஊசிக் கோடுகள். ஒரு சொல்லை அருகில் வைத்துப் பாருங்கள். ‘என்’ (n) என்ற எழுத்துக்கு இரண்டு குத்துக்கோடு. எ ஒலிக்கும் எழுத்துக்கும் (e) இரண்டு குத்துக்கோடு, கொஞ்சம் நெருக்கமாக. உகரத்துக்கும் இரண்டு குத்துக்கோடு. அதன் தலையில் மட்டும் ஒரு சின்ன வளைவு. அந்த வளைவு மட்டும் இல்லையென்றால் பாதி ஜெர்மன் மொழியே வேலிப்படல்தான். ஆகவே வரியைப் படிக்கத் தொடங்கும்முன் தலைக்கு மேலே இருப்பவற்றைப் பார்த்துவிடுங்கள்: எங்கே வளைவு, எங்கே புள்ளி. பிறகு கீழே இறங்குங்கள். புள்ளி இல்லாத ஓலைச்சுவடியை எப்படி முன்னும் பின்னும் பார்த்து ஊகித்தார்களோ அதே வேலை.

படித்துப் பழகாதீர்கள், எழுதிப் பழகுங்கள். நான் மூன்று வாரம் மளிகைப் பட்டியலைக் குரெண்டில் எழுதினேன். கடைக்குப் போன கணவர் சர்க்கரைக்குப் பதில் கடுகு வாங்கி வந்ததைத் தவிர வேறு சேதமில்லை.

ஒரு வெகுமதியும் உண்டு. ஜெர்மன் கையெழுத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் அயல்மொழிச் சொற்களையும் பெரும்பாலும் பெயர்களையும் மட்டும் லத்தீன் கையெழுத்தில் எழுதினார்கள். ஊசிக் கோடுகளின் நடுவே திடீரென்று உருண்டையான, தெளிவான சொல் ஒன்று வந்தால் அது பிரெஞ்சோ லத்தீனோ ஓர் ஆளின் பெயரோ. எந்தச் சொல் அந்நியம் என்று எழுதியவர் கையே காட்டிக்கொடுத்துவிடும்.

பெயரைத் தேடும்போது

ஹென்ரிக், ஹென்ரிச், ஹைன்ரிச் மூன்றையும் தேடுங்கள். பட்டியல்களில் மூன்றும் உண்டு, ஒரே ஆள்தான். டேனிஷில் குறுக்குக்கோடு போட்ட ஓ, தலையில் வட்டம் வைத்த அ இரண்டும் அகரவரிசையில் கடைசியில் வரும். அ எழுத்தை இரண்டாகச் சேர்த்து எழுதிய பழைய வடிவமும் அங்கேதான் போகும். மின்காந்தவியலைத் தொடங்கிவைத்த எர்ஸ்டெட்டை (அவர் பெயர் அந்தக் குறுக்குக்கோடு போட்ட ஓவில்தான் தொடங்கும்) டேனிஷ் பட்டியலில் ‘ஓ’ பக்கத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்; புத்தகத்தின் கடைசிக்குப் போக வேண்டும். ஜெர்மன் பட்டியலில் ‘ஓ’ பக்கத்திலேயே இருப்பார்.

டேனிஷ், நார்வேஜிய, ஜெர்மன் வாழ்க்கை வரலாற்று அகராதிகள் மூன்றும் இணையத்தில் இலவசம். ஜெர்மன் நூலகங்களில் உள்ள கடிதங்களுக்கு ‘கல்லியோபெ’ என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது. கடிதம் எந்த ஊரில் தூங்குகிறது என்று சொல்லிவிடும். ஸ்காண்டிநேவியப் பழம் நூல்களுக்கு ஸ்வீடனில் 1992இல் தொடங்கிய ‘ரூனெபெர்க் திட்டம்’. கோபன்ஹேகனில் அரச நூலகம். எனக்கு மிகவும் உதவியது, வீட்டுப்பக்கம் என்பதால், ஃப்ளென்ஸ்பூர்க்கில் உள்ள டேனிஷ் மத்திய நூலகம். ஜெர்மனி எல்லைக்குள் டேனிஷ் சிறுபான்மையினருக்காக நடக்கிற நூலகம் அது. எல்லை 1864இல் ஒருமுறை, 1920இல் ஒருமுறை நகர்ந்தது; நகராமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

அவர் சொல்வதை எவ்வளவு நம்புவது

ஸ்டெஃபென்ஸ் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருக்கிறார். ‘நான் வாழ்ந்து கண்டவை’ என்று தமிழில் சொல்லலாம். பத்துப் பாகம், பிரெஸ்லாவில் 1840 முதல் 1844 வரை வெளிவந்தது. பத்துப் பாகத்தையும் கண்டதும் வேலை முடிந்தது என்று ஆசை வரும். அதுதான் குழி. அறுபது வயதைத் தாண்டிய பெர்லின் பேராசிரியர் ஜெர்மன் வாசகர்களுக்காக எழுதியது அது. கோபன்ஹேகனில் டேனிஷில் நடந்த உரையாடல்கள் எல்லாம் நாற்பது வருஷம் கழித்து ஜெர்மன் உடை போட்டு வருகின்றன. சிறுவயது ஹெல்சிங்கோரை அவர் எழுதும் அழகு தனி. ஆனால் தேதி விஷயத்தில் கைமாற்றுக் கணக்கை நம்புவதுபோல் நம்புங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. டேனிஷ் இலக்கியம் படித்த எந்தப் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கதை: 1802இல் ஜெர்மனியிலிருந்து திரும்பிய ஸ்டெஃபென்ஸும், ஓலன்ஷ்லேகர் என்ற இளங்கவிஞரும் சந்திக்கிறார்கள், பதினாறு மணி நேரம் இடைவிடாமல் பேசுகிறார்கள், மறுநாள் காலை கவிஞர் போய் ‘பொற்கொம்புகள்’ என்ற கவிதையை எழுதுகிறார், டென்மார்க்கில் புதுயுகம் பிறக்கிறது. இதைச் சொல்வது ஓலன்ஷ்லேகர், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில்.

பேரேட்டை எடுத்தேன். கல்லெஹுஸ் என்ற சிற்றூரில் 1639இலும் 1734இலும் நிலத்திலிருந்து கிடைத்த இரண்டு பொன் கொம்புகள், ஒன்றில் ரூன் எழுத்து பொறித்தது, கோபன்ஹேகனில் அரசரின் கலைக்கூடத்தில் இருந்தன. 1802 மே 4 இரவு அவை திருடு போயின. திருடியவன் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லன்; உருக்கியே விட்டான். அந்தக் கோடை முழுக்க ஊர்வாயில் அதுதான் பேச்சாக இருந்திருக்கும். ஆகவே கவிதைக்கான பொருள் தெருவில் கிடந்தது. ஸ்டெஃபென்ஸ் கொடுத்தது அதைப் பார்க்கும் கண். அந்தக் கவிதை உள்ள தொகுப்பின் முகப்பில் 1803 என்று இருக்கும். கடைக்கு வந்ததோ 1802 டிசம்பர். முகப்பு ஆண்டை மட்டும் நம்பிப் பேரேட்டில் எழுதியிருந்தால், எலர்ஸ் கல்லூரி விடுதியில் ஸ்டெஃபென்ஸ் 1802 நவம்பரில் தொடங்கிய சொற்பொழிவுகளைக் கேட்டுவிட்டுத்தான் கவிஞர் எழுதினார் என்று ஒரு புதுக்கதை கட்டியிருப்பேன். கிட்டத்தட்டக் கட்டிவிட்டேன்.

பதினாறு மணி நேரம் பேசினார்களா? பேசியிருக்கலாம், இருவருக்கும் முப்பது ஆகவில்லை. ஒரே காலையில் கவிதை பிறந்ததா? அங்கே நான் ‘என்று கவிஞர் சொல்கிறார்’ என்று போட்டு நகர்ந்துவிடுகிறேன். விதி இதுதான்: அன்றே எழுதிய கடிதம் முதலில், பக்கத்தில் இருந்த மற்றவர் சொன்னது அடுத்து, அவரே பிற்காலத்தில் சொன்னது கடைசியில். கடைசியில் என்றால் குப்பையில் அல்ல. எதை மறந்தார், எதைப் பெரிதாக்கினார் என்பதிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அந்த விடுதி இன்னும் கோபன்ஹேகனில் மாணவர் விடுதியாகவே நிற்கிறது. போய்ப் பாருங்கள். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் சைக்கிள்கள்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு சின்ன இடம் என்று தெரியும். ‘ஊரே திரண்டு வந்தது’ போன்ற சொற்றொடர்கள் உங்கள் எழுத்திலிருந்து தானாக உதிர்ந்துவிடும். கேட்டவர்களில் குருண்ட்விக் ஒருவர். ஸ்டெஃபென்ஸின் அம்மாவும் குருண்ட்விக்கின் அம்மாவும் அக்காள் தங்கை. டென்மார்க்கின் பெரிய மறையியலாளராகப் பிற்காலத்தில் வந்த அந்தச் சித்தி பெரியம்மா பிள்ளைக்கு, அன்று அந்தப் பேச்சு உடனே ஏறிவிடவில்லை. விதை முளைக்க வருஷங்கள் ஆயின.

கேட்டவர்களைப் பின்தொடர்வது எப்போதும் பலன் தரும். 1832இல் பெர்லினுக்கு மாறிய பிறகு அவர் வகுப்புக்கு வந்தவர்களைப் பாருங்கள். மானுடவியல் வகுப்பில் 1836–37 குளிர்காலத்தில் கார்ல் மார்க்ஸ் என்ற சட்ட மாணவரின் பெயர் இருக்கிறது. 1841இல் கோபன்ஹேகனிலிருந்து கீர்க்ககார்டு என்ற டேனிஷ் தத்துவஞானி வந்து உட்கார்கிறார். ஸ்டெஃபென்ஸின் புத்தகங்களை ஆசையோடு படித்தவர், நேரில் கேட்டு ஏமாந்துபோகிறார். 1802இல் ஓர் ஊரைக் கிறங்கடித்த அதே குரல். இரண்டையும் எழுதுங்கள், அடுத்தடுத்து வைக்காமல், அதனதன் இடத்தில்.

எழுத உட்காரும்போது

‘பாலம்’ என்ற சொல்லைத் தடை செய்யுங்கள். என் முதல் வரைவில் பதினொரு பாலம் இருந்தது. பாலம் நகராது, பசிக்காது, சம்பளம் கேட்காது. இவர் எல்லாம் செய்தார். கோபன்ஹேகனில் நிலையான பேராசிரியர் பதவி கிடைத்திருந்தால் ஹாலேக்குப் போயிருப்பாரா என்பது பதவி விஷயம், பண்பாட்டு விஷயம் அல்ல. டென்மார்க்கில் 1776லேயே, அரசரின் நாடுகளில் பிறந்தவருக்கே அரசுப் பதவி என்று சட்டம் வந்தாயிற்று. ஸ்ட்ரூயன்சே என்ற ஜெர்மன் மருத்துவர் அரண்மனையைக் கையில் எடுத்து 1772இல் தலையிழந்த கதையின் எச்சம் அது. ஸ்டெஃபென்ஸ் பிறப்பால் அந்தச் சட்டத்துக்குள் அடங்கியவர்தான். கொண்டுவந்த சரக்குதான் ஜெர்மன்.

ஊர்ப் பெயர்களில் அன்றைய பெயரையே எழுதுங்கள், முதல்முறை மட்டும் இன்றைய பெயரைச் சேர்த்து. ‘ஜெர்மனி’ என்று 1800க்கு எழுதும்போது அப்படி ஒரு நாடு இல்லை என்பது நினைவிருக்கட்டும். பிரஷ்யா, சாக்சனி, ஹோல்ஸ்டைன் என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவருடைய நாவல்களை விட்டுவிடாதீர்கள், யாரும் இன்று படிப்பதில்லை என்றாலும். 1827 வாக்கில் எழுதிய ‘நான்கு நார்வேஜியர்கள்’ போன்றவற்றில், ஆறு வயதில் விட்டுப்போன மலைகளை ஜெர்மன் வாசகருக்கு ஜெர்மனில் விற்கிறார். 1824இல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த சூடு அதில் இருக்கிறது. நீளமான நாவல்கள். நான் ஒன்றை முழுதாகவும் ஒன்றைத் தாவித் தாவியும் படித்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஹாலேக்கு ஒரு முழு நாள் வையுங்கள். காலையில் கீபிஹன்ஸ்டைன் பக்கம், அவர் மாமனார் ரைஹார்ட் என்ற இசையமைப்பாளரின் தோட்டம் பூங்காவாக இருக்கிறது. மாலையில் ஃப்ராங்கெ அறநிலையத்துக்குப் போங்கள். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கேதான் இருக்கின்றன. ஸ்டெஃபென்ஸுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புத்தகத்தில் சேர்க்காதீர்கள், நான் சேர்த்துவிட்டு வெட்டினேன். தாத்தாவுக்காகப் போனேன்.

வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள், தமிழ் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. நான் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஜெர்மனில் சுருக்கி, மாலை வகுப்பில் டேனிஷ் கற்றுத்தந்த ஆசிரியையிடமும், மாடிவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரிடமும் சொன்னேன். 1813க்கு இருபத்தாறு பக்கம், எங்கள் கோபன்ஹேகன் குளிர்காலத்துக்குப் பதினான்குதானா என்றார் ஆசிரியை. மாடிவீட்டுக்காரர் காபியைக் கலக்கிக்கொண்டே, ஒன்பது சொற்பொழிவுக்குப் போய்ப் பதினான்கு பக்கமா என்றார். பேரேட்டைத் திறந்து மறுபடி பார்த்தேன். பதினான்கை அப்படியே விட்டுவிட்டு, இருபத்தாறில் மூன்று பக்கம் குறைத்தேன். ஆசிரியைக்கு இன்னும் திருப்தி இல்லை. மாடிவீட்டுக்காரரிடம் குறைத்ததைச் சொல்லவில்லை.